மேல்தட்டில் இருபத்திரண்டு புத்தகங்கள்: பாளையங்கோட்டை வாடகை நூலகம் ஒன்று

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் இந்த வாடகை நூலகத்துக்கு ஏழு மாதங்களாகப் போய்வருகிறேன். முன்பணம் 300 ரூபாய். மாதச் சந்தா 60 ரூபாய். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம். துப்பறியும் கதைகளுக்கும் குடும்ப நாவல்களுக்கும் வருவோரே மிகுதி. அவை எல்லா வாடகை நூலகங்களிலும் கிடைப்பவைதாம். நான் எழுத வந்தது, கல்லாவுக்கு எதிரே உள்ள இளையோர் அலமாரியின் மேல்தட்டைப் பற்றி. திருநர் (திருநங்கை, திருநம்பி முதலியோர்) பிள்ளைகளை நாயகராகக் கொண்ட ஆங்கிலப் புதினங்களும் தன்பால் ஈர்ப்பினரும் திருநரும் அடங்கிய பால்புதுமையர் வரலாற்றை இளையோருக்குச் சொல்லும் நூல்களும் சில தன்வரலாறுகளுமாக அங்கே இருபத்திரண்டு புத்தகங்கள் உள்ளன. நெல்லைச் சீமையில் இப்படியொரு தட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவற்றுள் வரலாற்று நூல்களே மேல். பால்புதுமையர் உரிமைக்காகப் பாடுபட்ட ஜெர்மன் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்பெல்ட் 1919இல் பெர்லினில் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம் 1933 மே 6 அன்று நாஜிகளால் சூறையாடப்பட்டதையும், அங்கிருந்து அள்ளிச் சென்ற நூல்கள் நான்கே நாளில் சதுக்கத்தில் கொளுத்தப்பட்டதையும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி அவை சொல்கின்றன. பால்புதுமையர் கூடும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் 1969 ஜூன் 28 அதிகாலையில் போலீசார் புகுந்ததும், கூடியிருந்தோர் பணியாமல் எதிர்த்து நின்றதும் உண்டு. புதினங்களில்தான் எனக்குக் குறை. வரலாறு பெரும்பாலும் வீட்டுப்பாடமாகவே கதைக்குள் நுழைகிறது. ஆசிரியர் கட்டுரை கேட்க, பிள்ளை ஒரு பழைய புகைப்படத்தைக் கண்டெடுக்க, முப்பதாம் பக்கத்திலேயே மீதிக் கதை தெரிந்துவிடுகிறது.

தட்டில் தமிழ் நூல்கள் மூன்றே. மூன்றும் பெரியவர்களின் தன்வரலாறுகள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள தூத்துக்குடியில், 2018இல் கோயிலில் மணம் முடித்த ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணப் பதிவு மறுக்கப்பட்டது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தது. பெர்லினை அறிந்துகொள்ளும் நம் பிள்ளைக்கு இதைக் கதையாகச் சொல்ல இந்தத் தட்டில் ஒரு நூல்கூட இல்லை.

இத்தனைக்கும் தமிழ் இக்கதைகளுக்குத் தோதான மொழி. ‘வந்தேன்’ என்று தன்மையில் சொன்னால் பால் தெரியாது. சொல்பவர் விரும்பும் வரை அதை வெளிக்காட்டாமலே நூறு பக்கம் எழுதலாம். இலக்கணப்படி முன்னிலைக்கும் பால் இல்லை. ஆனால் நம் தெருவில் உண்டு: ஆண்பிள்ளைக்கு ‘ஏலே’, பெண்பிள்ளைக்கு ‘ஏட்டி’. அந்த இரண்டு விளிகளுக்கிடையே அகப்பட்ட ஒரு பிள்ளையின் கதையை எந்த ஆங்கிலப் புதினத்தாலும் தர முடியாது.

சேவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்ற மாதம், சீருடையில் வந்த பிள்ளை ஒன்று உறுப்பினர் அட்டையில் பெயரை மாற்றித் தரக் கேட்டது. கடைக்கார அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எந்தப் பேரு எழுதணும்?” என்றார். பழைய அட்டையை வாங்கிக் கிழித்தார், புதியதில் எழுதினார், தொலைந்த அட்டைக்கு வாங்கும் அதே ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டார்.

குறைகளும் உள. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் மேல்தட்டு எட்டும். ஒதுங்கி நின்று எடுக்க நினைக்கும் பிள்ளை கடை முழுவதும் பார்க்க ஏற வேண்டியிருக்கிறது. எல்லாப் புத்தகத்துக்கும் காக்கி அட்டை போட்டுத் தருவது வசதிதான்; ஆயினும் பின்னட்டைக் கதைச்சுருக்கம் அதில் மறைந்துவிடுகிறது. தட்டைக் கீழே இறக்கச் சொன்னேன். தீபாவளி கழியட்டும் என்றார். தமிழில் இளையோர் புதினம் வாங்கி வைக்கக் கூடாதா என்றதற்கு, “யாராவது எழுதட்டும், மொதப் பிரதிய நான் வாங்குதேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்; அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வருவோர் சனிக்கிழமை மாலையில் வருவது நல்லது.