பழைய ஜப்பான் ஆர்ச்டாப்பா, கடையில் இருக்கும் புதுசா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 1977-ஆம் ஆண்டு ஐபனேஸ் கம்பெனியின் ஆர்ச்டாப், அதாவது மேல்பலகை வளைந்து உள்ளே காலியாக இருக்கும் கிட்டார், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கேட்கும் விலை 2,800 வெள்ளி. கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று வாசித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர், "இதை எடுக்கலாமா அண்ணே, இல்ல புதுசே வாங்கிடலாமா?" என்று கேட்டார். புதுசு என்று அவர் யோசிப்பது இரண்டு: ஐபனேஸின் ஆர்ட்கோர் வரிசையில் ஓர் ஆர்ச்டாப், இல்லாவிட்டால் தட்டையான மேல்பலகை கொண்ட யமஹா ஏபிஎக்ஸ்.

என் ஓட்டு பழசுக்குத்தான். ஆனால் கழுத்து நேராக இருக்க வேண்டும். அது கோணியிருந்தால் மற்ற பேச்செல்லாம் வீண்.

முதலில் வயதைப் பார்த்துவிடலாம். 1975 வாக்கில் தொடங்கி அந்தக் கால ஜப்பான் ஐபனேஸ்களின் வரிசை எண்ணில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். இதில் ஜி77 என்று இருக்கிறது, அதாவது ஜூலை 1977. விற்பவர் இதை 'லாசூட் கிட்டார்', அதாவது அமெரிக்கக் கிப்சன் கம்பெனியைக் காப்பியடித்து வழக்கில் மாட்டிய கிட்டார், என்று சொல்லி விலையை ஏற்றுகிறார். கிப்சன் தரப்பு ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மேல் வழக்குப் போட்டது 1977 ஜூனில். சண்டை கிட்டாரின் தலை வடிவத்தைப் பற்றியது. தீர்ப்பு வருவதற்கு முன்பே பேசி முடித்துக்கொண்டார்கள். இந்தக் கிட்டார் வழக்குக்கு அடுத்த மாதம் பிறந்தது! அந்தப் பெயருக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

காசு கொடுக்க வேண்டியது உடம்புக்கு. கிப்சன் 1949-இல் கொண்டுவந்த இஎஸ்-175-ஐப் பார்த்துச் செய்தது இது. மேல்பலகை ஒரே மரத்தில் குடைந்ததல்ல, மேப்பிள் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்தது. சுத்த மரம் பிடித்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். சிங்க் கூரை வீட்டில், ஏர்கான் இல்லாமல், மதியம் வெயிலும் சாயங்காலம் மழையுமாக வைத்திருக்கப்போகிறவருக்கு இதுதான் வசதி. ஒட்டுப்பலகை சுலபத்தில் வெடிக்காது. அப்புறம், ஆர்ச்டாப்பில் கம்பிகள் கீழே அடிவிளிம்பில் உள்ள டெயில்பீஸ் என்ற துண்டில் மாட்டியிருக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சும்மா பலகைமேல் உட்கார்ந்திருக்கும். ஏபிஎக்ஸ் போன்ற தட்டைக் கிட்டாரில் பிரிட்ஜைப் பலகையோடு ஒட்டியிருப்பார்கள், கம்பியின் இழுப்பெல்லாம் அந்தப் பசைமேல்தான். நம்ம ஊர் ஈரத்திலும் சூட்டிலும் நாளாக நாளாக வயிறு உப்பி, பிரிட்ஜ் தூக்கிக்கொள்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கார் பூட்டில் வைத்துப் பூட்டிவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போனால் எந்தக் கிட்டாரும் தாங்காது, அது வேறு.

சத்தத்தில் மூன்றும் மூன்று வழி. ஆர்ச்டாப்பில் கார்டு 'டக்' என்று விழுந்து சட்டென்று அடங்கும். பாடகர், கீபோர்டு, தபேலா எல்லாம் சேர்ந்து போகும்போது இடையில் புகுந்து தனியாகக் கேட்கும். 80-களின் பாட்டுகளுக்கு பிளாட்வவுண்ட் என்ற வழவழப்பான கம்பி போட்டு வாசித்தால் அருமையாக ஒட்டும். தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்ய ஏபிஎக்ஸ்தான் சுகம்; பஜனைக் குழுவுக்கும் அதுவே போதும். 2002-இல் வந்த ஆர்ட்கோர் வரிசை சீனாவில் செய்வது. கேவலமான கிட்டார் இல்லை, வேலை சுத்தமாகவே இருக்கும், கடை உத்தரவாதமும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே ஆம்பில் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டால் என் காது பழசுக்கே போகிறது.

மேடையில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே காலி என்பதால் மானிட்டர் பக்கம் திரும்பினால் ஊளையிடும். மேல்பலகையின் எஃப் வடிவத் துளைகளில் ஸ்பாஞ்ச் அடைத்து, பேஸைக் குறைத்து, ஸ்பீக்கரை விட்டு ஒதுங்கி நின்றால் சமாளிக்கலாம். ஆர்ட்கோரிலும் இதே கதைதான். ஒலிபெருக்கியை முழுசாகத் திறந்துவிடும் ஆள் உங்கள் ஊரில் இருந்தால் ஏபிஎக்ஸுக்கே போய்விடுங்கள். அதன் உடம்பு மெல்லிசு, துளையில் ரப்பர் மூடி போட்டால் இன்னும் அடங்கும்.

பார்க்கப் போகும்போது பிரிட்ஜின் திருகுகளைக் கவனியுங்கள். அதை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் கழுத்தின் கோணம் போய்விட்டது. சரிசெய்யும் கூலி கிட்டாரின் விலையில் பாதியைத் தின்றுவிடும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் கொஞ்சமாவது திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் பயப்பட வேண்டாம், அது சின்ன வேலை. உடம்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை (பைண்டிங்) உதிர்ந்தால் பேரம் பேச நல்ல சாக்கு. கம்பியின் சத்தத்தைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பை மாற்றியிருந்தால் நான் 2,000-க்கு மேல் போகமாட்டேன்.

12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அழுத்தி வரும் சுரமும் அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகாவிட்டால் மிரள வேண்டாம். யாரோ கம்பியெல்லாம் ஒன்றாகக் கழற்றியபோது பிரிட்ஜ் நகர்ந்திருக்கும், கையாலேயே தள்ளிச் சரிசெய்யலாம். ட்ரஸ் ராடைத் தொடவே விடமாட்டேன் என்று விற்பவர் அடம்பிடித்தால் மட்டும், நேராக ஈப்போவுக்குப் போய் ஆர்ட்கோரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.