பழைய காருக்குத் துணையாக ஒரு மல்டிமீட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய கார் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், ஸ்பானர் செட்டுக்கும் முன்பாக, வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரைத்தான் சொல்வேன். என் கார் தொண்ணூறுகளில் வந்தது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட பெட்ரோல் வண்டி. எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய சாதாரண மீட்டர் ஒன்று பல ஆண்டுகளாக அந்த வண்டியிலேயே கிடக்கிறது. தேவையில்லாத பேட்டரிச் செலவையும் செல்ஃப் மோட்டார் செலவையும் அது தடுத்திருக்கிறது.

மீட்டரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் 'டக டக டக' என்று விடாமல் சத்தம் வந்தால், செல்ஃபுக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுக்கிறது, உடனே மின்னழுத்தம் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு அழுத்தமான 'டக்' மட்டும் கேட்டால் சோலனாய்டு காண்டாக்டையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகிக்கலாம். செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் அளவை வைத்து பேட்டரிக்கு நற்சான்று தந்துவிடக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பார்க்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றிவிடுவேன்.

இந்த மீட்டர் தன் விலைக்குப் பல மடங்கு உழைத்தது எர்த் ஒயர் விஷயத்தில். மழைக்காலம். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் முனகுகிறது. "பேட்டரி போய்விட்டது தம்பி, மாற்றிவிடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பேட்டரியோ கிராங்க் செய்யும்போதும், அதாவது செல்ஃப் சுற்றும்போதும், 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப அந்த ஒரு தடித்த எர்த் ஒயரைத்தான் நம்பியிருக்கிறது. தடையைக் காட்டும் ஓம் அளவில் வைத்துச் சோதித்தால் ஒயர் நன்றாக இருப்பதாகவே மீட்டர் சொல்லும். நாலைந்து செம்பு இழைகள் அறாமல் இருந்தாலே அதற்குப் போதும். எனவே சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கிலும் கறுப்பு முனையை பேட்டரியின் நெகடிவ் ஈயக் குமிழிலும் வைத்துக்கொண்டு, அண்ணன் மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 1.5 வோல்ட்! 0.2, 0.3க்கு மேல் போகவே கூடாத இடம் அது. செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வீணாகும். அந்த 0.01 ஓம் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் தெரியவே தெரியாது. ஒயரைக் கழற்றி உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி. வெல்டிங் கேபிளின் முனைகளில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்துப் போட்டு, அமரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து வாசலின் தடவினேன். செல்ஃப் பழைய வேகத்தில் சுற்றுகிறது.

வெயிலில் ஓடி நிறுத்திய பிறகு ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஆகும் வண்டிகளில் காயிலைச் சூட்டோடு அளந்து பாருங்கள். சுட்டால் மட்டும் உள்சுற்று விட்டுப்போகும் காயில்கள் உண்டு. பெட்ரோல் வருகிறதா என்பதை மீட்டர் சொல்லாது. எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியைத் தள்ளினால் கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் பீய்ச்சுவது கண்ணுக்கே தெரியும்.

குறைகளும் உண்டு. கூட வந்த ஒயர்கள் குட்டை; முதலை கிளிப் வைத்த நீள ஒயர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. நோயுற்ற பேட்டரி நல்லதாகத் தெரியும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 10 ஆம்பியர் துளை. மலிவான மீட்டர்கள் பலவற்றில் அதற்கு ஃபியூஸ் கிடையாது. சிவப்பு ஒயரை அதில் செருகியபடியே பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். புதிதாக வாங்குபவர்கள் அந்தத் துளைக்கும் ஃபியூஸ் உள்ள, மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைத்துக் காட்டும் வசதி கொண்ட மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். சாவியைத் திருப்ப ஆள் இல்லாத நாளிலும் கிராங்க் வோல்ட்டேஜை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.