செரி-பிக் வழியில் வெளியீட்டுக் கிளைகள்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் வெளியீட்டுக் கிளை (வெளியிட்ட பதிப்புக்கென்று தனியாகப் பிரிக்கும் கோட் வரிசை) வெட்ட ஒரு நிமிடம் போதும். அதை இரண்டு வருஷம் பராமரிப்பதில்தான் பாடு இருக்கிறது, அதுவும் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்களின் திட்டத்தில். திருத்தம் முதலில் மெயினில் (முதன்மைக் கிளையில்) இறங்க வேண்டும், பிறகு செரி-பிக் செய்து, அதாவது அந்த மாற்றத்தை மட்டும் நகலெடுத்து, பழைய கிளைகளுக்கு எடுத்துப் போக வேண்டும். பைத்தான் மொழியை உருவாக்கும் சிபைத்தானும், லினக்ஸ் கர்னலின் வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும் லினக்ஸ் ஸ்டேபிளும் இந்த வழிதான். கிட்டை உருவாக்கும் திட்டமோ பழைய பராமரிப்புக் கிளையிலிருந்து புதிய கிளைகளை நோக்கி மெர்ஜ் செய்கிறது (இணைக்கிறது). வரலாறு சுத்தமாக இருக்கும், ஆனால் எந்தக் கிளையில் தொடங்குவது என்பது பேட்ச் (திருத்தம்) எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பேட்ச் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? ஆள் மாறிக்கொண்டே இருக்கும் திட்டத்துக்கு ‘மெயின் முதலில்’தான் பொருத்தம்.

செரி-பிக் கட்டளையோடு ‘-எக்ஸ்’ (-x) என்ற தேர்வு கட்டாயம். மூலக் கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) ஹாஷை, அதாவது அடையாளக் குறியை, அது புதிய கமிட் செய்தியின் அடியில் எழுதி வைக்கும். எது பழைய கிளைக்குப் போனது என்று ‘கிட் செரி’ சொல்லுமே என்று இதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டளை பேட்ச் ஐடியை (மாற்றத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளத்தை) ஒப்பிடுகிறது. கான்ஃபிளிக்ட்டைக் (மாற்றம் அந்தக் கிளையின் கோடோடு மோதுவதை) கையால் தீர்த்துவிட்டால் ஐடி மாறிவிடும், போன திருத்தத்தையும் போகவில்லை என்றே காட்டும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது ‘-எக்ஸ்’ எழுதிய அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். இன்னொன்று, மெயினில் சேர்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் (பல கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்க்கும்) திட்டத்தில், முன்கூட்டி எடுத்த ஹாஷ் மெயின் வரலாற்றில் எங்கேயும் இருக்காது.

கான்ஃபிளிக்ட் வந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரிகிறது. பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் பொருந்திவிடும் பேட்சுக்குத்தான். மெயினில் ஒரு ஃபங்ஷன் காத்திருப்பு நேரத்தை மில்லிநொடியில் வாங்கும்படி மாறியிருக்கிறது, பழைய கிளையில் இன்னும் நொடி. 5000 என்று வைக்கும் திருத்தம் இரண்டிலும் சுத்தமாக இறங்கும், கம்பைலும் ஆகும். மெயினில் அது 5 நொடி. பழைய கிளையிலோ 83 நிமிடம் தொங்கி நிற்கும். திருத்தத்தோடு அதன் டெஸ்ட்டும் சேர்ந்து போனால்தான் இது பிடிபடும். டெஸ்ட் இல்லாத பேக்போர்ட்டை (பழைய கிளைக்கு எடுத்துப் போகும் திருத்தத்தை) ஏற்காமல் இருப்பதே நலம்.

மூன்று கிளைக்கு ஒரே திருத்தம் போகும்போது கிட்டின் ‘ரீரீரீ’ (rerere) வசதி பெரிய உதவி. ஒரு தடவை தீர்த்த கான்ஃபிளிக்ட்டை நினைவில் வைத்து அடுத்த கிளையில் தானே போடும். தவறாகத் தீர்த்ததையும் அப்படியே போடும், அப்போது ‘ரீரீரீ ஃபர்கெட்’ என்று கோப்பின் பெயரோடு கொடுத்து அழிக்க வேண்டும். இந்த நினைவு அவரவர் கணினியில் மட்டும் இருக்கும், அடுத்த மெயின்டெய்னருக்குப் போகாது. ஆகவே ஒரு திருத்தத்தின் எல்லாப் பேக்போர்ட்டையும் ஒருவரே செய்வது மேல்.

கான்ஃபிளிக்ட்டுகளில் பெரும்பகுதி சேஞ்ச்லாக் (மாற்றப் பட்டியல்) கோப்பில்தான் வரும், எல்லாரும் ஒரே இடத்தில் வரி சேர்ப்பதால். மாற்றத்துக்கு ஒரு சிறு கோப்பு என்று பிரித்து, வெளியீட்டின்போது ஒன்றாகத் தொகுத்தால் தொல்லை விட்டது. சிபைத்தான் செய்வதும் இதுதான்.

கிளைக்கு ‘ரிலீஸ்-2.4’, டேகுக்கு (வெளியான கமிட்டைக் குறிக்கும் அடையாளப் பெயருக்கு) ‘வி2.4.0’ என்று பெயரைத் தனித்தனியாக வைக்கவும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் கிட் குழம்பும்.

பழைய கிளையை மெல்லக் கொல்வது கோட் அல்ல, சிஐ (தானாக பில்ட்டும் டெஸ்ட்டும் ஓட்டும் ஏற்பாடு). யாரும் தொடாத கிளையில்கூட, டிபென்டன்சியின் (கோட் சார்ந்திருக்கும் வெளி நிரலின்) புதுப் பதிப்பு வந்து ஒரு நாள் பில்ட் உடையும். அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தன்றுதான் அது தெரியவரும். வாரம் ஒருமுறை தானியங்கி பில்ட் ஓட்டுங்கள். கிட்ஹப்பில் நேரம் குறித்த வேலைகள் டீஃபால்ட் கிளையில் (வழக்கமாக மெயின்) உள்ள கோப்பிலிருந்து மட்டுமே ஓடும், வெளியீட்டுக் கிளையில் எழுதி வைத்தால் ஓடவே ஓடாது. மெயினில் எழுதி, கோடை எடுக்கும் செக்அவுட் படியில் பழைய கிளையின் பெயரைக் கொடுக்க வேண்டும். பொது ரெப்போவில் 60 நாள் அசைவே இல்லையென்றால் அதுவும் தானாக நின்றுவிடும்.

ஆதரவு முடிந்த கிளையை அழிக்க வேண்டாம், பூட்டி வையுங்கள். கடைசி டேகுக்குப் பிறகு விழுந்த கமிட்டுகளை அந்தக் கிளைப் பெயர் மட்டுமே பிடித்து வைத்திருக்கும்.