மளிகைக்குக் கேஷ்பேக் ஆப்: ஐபாட்டாவும் ஃபெட்சும் தேறுமா?

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளோடு வரும் கூப்பன் தாளை மேசையில் பரப்பிக் கத்தரித்து, உறையில் அடுக்கி, கல்லாவில் ஒவ்வொன்றாக நீட்டிய காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. அந்த இடத்துக்குக் கேஷ்பேக் ஆப்கள் வந்திருக்கின்றன. முதலில் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும், பிறகு ரசீதைக் காட்டிக் காசு பெற வேண்டும். மளிகைக்கு அதிகம் பேர் வைத்திருப்பவை ஐபாட்டா, ஃபெட்ச் என்ற இரண்டும். இரண்டிலும் உண்மையாகவே பணம் வருகிறது. ஆனால் என்ன வாங்குவது என்பதை ஆப் தீர்மானிக்க விட்டால், வந்த காசைவிடப் போன காசு அதிகமாகிவிடும்.

கூப்பனுக்கும் இதற்கும் வேறுபாடு, காசு எந்த வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது. தயாரிப்பாளர் கூப்பனைக் கடைக்காரர் வாங்கி விலையைக் குறைக்கிறார். பிறகு அவற்றைத் திரட்டி அனுப்பி, கூப்பன் தொகையோடு கையாளும் கூலியாகப் பொதுவாக 8 சென்ட்டும் சேர்த்துத் தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்கிறார். கேஷ்பேக்கில் கடைக்கு வேலையே இல்லை. தயாரிப்பாளர் ஆப் நிறுவனத்துக்குக் கொடுக்கிறார், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாங்கியவருக்குத் தருகிறது. அதனால்தான் கல்லாவில் வாக்குவாதம் இல்லை, பின்னால் நிற்பவரின் பெருமூச்சு இல்லை, கடையின் சொந்தத் தள்ளுபடியோடும் பெரும்பாலும் மோதுவதில்லை. ஆனால் இரண்டு சங்கடங்களும் உண்டு: முழுத் தொகை முதலில் கையிலிருந்து போகிறது, சோப்புத்தூள், ஷாம்பு போல விற்பனை வரி உள்ள பொருளுக்கு வரியும் முழு விலைக்கே விழுகிறது, அது திரும்பி வராது. "100 சதவீதம் கேஷ்பேக்" என்று போட்டிருந்தாலும் வரி உங்களுடையதுதான்.

ஐபாட்டா 2011-ல் டென்வரில் தொடங்கிய நிறுவனம். 2024 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. இங்கே கணக்கு டாலரிலேயே நடக்கிறது, புள்ளிகளை மாற்றிப் பார்க்கும் தொல்லை இல்லை. ஆப்பில் முதலில் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கடைக்கு உள்ள சலுகைகள் வரும். வேண்டியதன் மேல் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் உங்கள் பட்டியலில் சேரும். கடைக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். சேர்க்காத சலுகைக்கு, பொருள் ரசீதில் இருந்தாலும் காசு வராது. வாங்கிய பிறகு இரண்டு வழிகள். சில கடைகளுக்கு அவற்றின் உறுப்பினர் கணக்கை ஆப்போடு இணைத்துவிடலாம். கல்லாவில் தொலைபேசி எண்ணைத் தட்டினால் போதும், விவரம் தானாகப் போய்விடும். எண்ணைத் தட்ட மறந்தால் அந்த வாங்கலே ஆப்புக்குத் தெரியாது. மற்ற கடைகளுக்கு ரசீதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பொதுவாக 7 நாள் கெடு. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொகை கணக்கில் ஏறிவிடும். 20 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்கோ பேபாலுக்கோ எடுக்கலாம்.

பணம் வராமல் போவதற்குக் காரணம் அநேகமாகப் பொருளின் அளவு. சலுகையில் "16 அவுன்ஸ் அல்லது அதற்கு மேல்" என்றிருக்கும், கைக்கு வருவது 12 அவுன்ஸ் பாட்டிலாக இருக்கும். அல்லது ஸ்ட்ராபெர்ரி தயிருக்குச் சலுகை, வாங்கியது சாதாரணத் தயிர். சலுகையைத் தட்டி உள்ளே போய் எந்த அளவு, எந்தச் சுவை, எத்தனை எண்ணம் என்று படிக்க வேண்டும். வெளியே தெரியும் படத்தை நம்பக் கூடாது. ஐயமாக இருந்தால் அலமாரி முன் நின்றபடியே ஆப்பில் உள்ள ஸ்கேனரைப் பொருளின் பார்கோடுக்குக் காட்டுங்கள், பொருந்துமா என்று சொல்லிவிடும். இந்த ஒரு வேலைக்கே ஐபாட்டாவைப் பாராட்டலாம். "இரண்டு வாங்கினால்" என்ற சலுகைக்கு இரண்டும் ஒரே ரசீதில் இருக்க வேண்டும்.

அடுத்தது ரசீதின் சுருக்கெழுத்து. கடைக்காரர் பொருளின் பெயரைப் பாதியாக வெட்டி அச்சிடுகிறார். ஆப்பால் அதை அடையாளம் காண முடியாதபோது பொருளின் பார்கோடைக் கேட்கும். அதற்குள் டப்பா குப்பைக்குப் போயிருந்தால் அவ்வளவுதான். ஆகவே தொகை ஏறும்வரை உறையையும் டப்பாவையும் வைத்திருங்கள். ரசீது வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கறுத்துப் போகும். வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்துவிடுவது நல்லது. நீளமான ரசீது என்றால் தரையில் நேராக விரித்து, பகுதி பகுதியாக, முந்தைய படத்தின் கடைசி இரண்டு மூன்று வரிகள் அடுத்த படத்திலும் வரும்படி எடுக்க வேண்டும். கடைப் பெயர், தேதி, மொத்தத் தொகை மூன்றும் தெரியாவிட்டால் திருப்பிவிடுவார்கள்.

சலுகைக்குத் தயாரிப்பாளர் ஒதுக்கிய பணம் தீர்ந்தால், காலாவதித் தேதிக்கு முன்பே சலுகை மறைந்துவிடும். திங்கட்கிழமை பார்த்ததை நம்பி சனிக்கிழமை வாங்கினால் ஏமாற்றம்தான். கிளம்பும்போது ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்ப்பதே இதற்கு மருந்து. இன்னொன்று, கணவன் ஒரு கணக்கிலும் மனைவி ஒரு கணக்கிலும் ஒரே ரசீதைப் போடுவது. இது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள், சேர்ந்திருந்த தொகையும் அதோடு போகும்.

ஆப் நமக்கு ஆப்பு வைக்கும் இடமும் ஒன்று உண்டு. ஐபாட்டா கணக்கில் 6 மாதம் எந்த நடமாட்டமும் இல்லை என்றால், மாதம் 3.99 டாலரைப் பராமரிப்புக் கட்டணமாக இருப்பிலிருந்து கழிக்க அதன் விதிகள் இடம் கொடுக்கின்றன. 17 டாலரைச் சேர்த்துவிட்டு ஊருக்குப் போய் மறந்துவிட்டவர் திரும்பி வந்து பார்த்தால் இருப்பு கரைந்திருக்கும். 20 டாலர் ஆனதும் எடுத்துவிடுங்கள். ஆப்பில் உள்ளது வங்கியில் உள்ள பணம் இல்லை.

இப்போது விலைக் கணக்கு. உதாரணத்துக்கு, 32 அவுன்ஸ் பிராண்டுத் தயிர் 6.49 டாலர், கேஷ்பேக் 1.50. நிகர விலை 4.99. பக்கத்திலேயே கடையின் சொந்தப் பிராண்டு அதே அளவு 3.79. ஒன்றரை டாலர் "மிச்சம்" பிடித்தவர் உண்மையில் 1.20 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளர் இந்தப் பணத்தைச் செலவழிப்பதே இதற்காகத்தான். மலிவுப் பிராண்டிலிருந்து வாடிக்கையாளரை இழுக்க. ஆனால் அதே தயிர் ஒரு வாரம் 4.99-க்குத் தள்ளுபடிக்கு வந்தால் நிகரம் 3.49, அப்போது வாங்கலாம். சலுகைகள் பல வாரம் நீடிப்பதுண்டு, கடையின் தள்ளுபடிப் பட்டியலோ வாரம் ஒருமுறை மாறும், பல சங்கிலிக் கடைகளில் புதன்கிழமை. எனவே சலுகையைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பொருள் தள்ளுபடிக்கு வரும் புதன் வரை காத்திருப்பதுதான் இதன் நெளிவுசுளிவு. ஒப்பிடும்போது அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள அவுன்ஸ் விலையையும் பார்க்க வேண்டும். சின்னப் பாட்டிலுக்குப் பெரிய கேஷ்பேக் கொடுத்துக் கண்ணில் மண் தூவுவது அடிக்கடி நடக்கிறது.

ஃபெட்ச் வேறு வகை. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 2013-ல் தொடங்கியது. முன்கூட்டிச் சலுகை சேர்க்கும் வேலை பெரும்பாலும் இல்லை. எந்தக் கடை ரசீதானாலும் படம் எடுத்துப் போட்டால் புள்ளி வரும். 1,000 புள்ளி ஏறக்குறைய 1 டாலர். சிறப்புப் பிராண்டு எதுவும் இல்லாத வெறும் ரசீதுக்குக் கிடைப்பது அற்பம்: 25 புள்ளி என்றால் இரண்டரை சென்ட். குறிப்பிட்ட பிராண்டுகள் ரசீதில் இருந்தால்தான் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறும். ரசீதுக்கு 14 நாள் கெடு. புள்ளிகளை முக்கியமாகப் பரிசு அட்டைகளாக மாற்றிக்கொள்ளலாம். 90 நாள் ஒரு ரசீதும் போடாவிட்டால் சேர்த்தது காலாவதியாகிவிடும். உழைப்பு குறைவு, வரவும் குறைவு. ரசீதைக் கையில் வைத்திருக்கும் பத்து விநாடியில் முடிகிற வேலை என்பதால் வைத்துக்கொள்ளலாம். இதற்காக ஒரு பொருளைக்கூட மாற்றி வாங்க வேண்டாம்.

ஒரே ரசீதை இரண்டு ஆப்பிலும் போடத் தடையில்லை. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால்தான் எதில் எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். ஒரு கணக்கு: சோப்புத்தூள் 11.99 டாலர். கடை ஆப்பில் உள்ள டிஜிட்டல் கூப்பன் 2 டாலர் குறைத்தால் கல்லாவில் 9.99. ஐபாட்டா 1.50, ஃபெட்சில் 1,000 புள்ளி அதாவது சுமார் 1 டாலர், 3 சதவீதம் தரும் கிரெடிட் கார்டு 30 சென்ட். கடைசியில் 7.19, வரி தனி. இந்த நான்கில் பெரியது எது என்று பாருங்கள்: கடையின் டிஜிட்டல் கூப்பன். ஆகவே "கூப்பனை விட்டு ஆப்புக்கு மாறுங்கள்" என்று யாராவது சொன்னால், அதைத் தாள் கூப்பனுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோகர், சேஃப்வே போன்ற கடைகளின் சொந்த ஆப்பில் உள்ளதைத் தொட்டு ஏற்றாமல் கேஷ்பேக்குக்கு ஓடுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல. சில சலுகைகளில் வேறு தள்ளுபடியோடு சேர்க்கக் கூடாது என்ற வரியும் இருக்கும், படித்துவிட்டு அடுக்குங்கள்.

நம் வீட்டுச் சமையலுக்கு இது எவ்வளவு உதவும்? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். இட்லி அரிசி, துவரம் பருப்பு, புளி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை என்று செலவின் பெரும்பகுதி இந்தியக் கடைக்குப் போகும் குடும்பத்துக்கு ஐபாட்டாவில் ஏறக்குறைய எதுவும் இல்லை; அந்தப் பிராண்டுகள் அங்கே பணம் செலவழிப்பதில்லை. படேல் பிரதர்ஸ் ரசீதை ஃபெட்சில் போடலாம், சில்லறைப் புள்ளி வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீரியல், தயிர்க் கோப்பை, உறைய வைத்த பீட்சா, கைக்குழந்தைக்கு டயப்பர், இவற்றோடு சோப்பும் ஷாம்பும் வாங்கும் வீட்டுக்குத்தான் ஐபாட்டா பயன்படும். காய்கறி, பழத்துக்கு எப்போதாவது "எந்தப் பிராண்டானாலும்" என்று 25 சென்ட் வரும்.

இந்தியக் கடைச் செலவுக்கு ஆப்பைவிடக் கார்டு மேல். அமெரிக்கன் எக்ஸ்பிரசின் ப்ளூ கேஷ் ப்ரிஃபர்ட் சூப்பர்மார்க்கெட்டில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை 6 சதவீதம் தருகிறது, ஆண்டுக் கட்டணம் 95 டாலர். அதே நிறுவனத்தின் கட்டணமில்லாத ப்ளூ கேஷ் எவ்ரிடே 3 சதவீதம். வித்தியாசம் 3 சதவீதம் என்பதால், ஆண்டுக்குச் சுமார் 3,170 டாலர், அதாவது வாரம் 61 டாலருக்கு மேல் சூப்பர்மார்க்கெட்டில் செலவழித்தால்தான் கட்டணக் கார்டு கட்டுபடியாகும். வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ இந்தக் கணக்கில் சூப்பர்மார்க்கெட் ஆகா. இந்தியக் கடை அந்த வகையில் பதிவாகியிருக்கிறதா என்பது கடைக்குக் கடை மாறும்; சிறு கடைகள் சில இந்தக் கார்டையே வாங்குவதில்லை. ஒருமுறை சின்னத் தொகைக்குத் தேய்த்து, அது எந்த வகையில் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் முழுத் தொகையும் கட்ட முடியாதவர்களுக்கு இந்தப் பத்தியே பொருந்தாது, வட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும்.

இரண்டு ஆப்களும் உண்மையில் வாங்குவது உங்கள் ரசீதை: எந்த வீடு, எந்தக் கடையில், எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறது என்ற விவரம். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வருகிறவர்கள், மருந்துக் கடையில் மருந்தும் பாலும் சேர்த்து வாங்கிய ரசீதைப் போடாமல் தவிர்க்கலாம். ஃபெட்ச் மின்னஞ்சலை இணைக்கச் சொல்லும், ஆன்லைன் ரசீதுகளைத் தானே எடுத்துக்கொள்ள. சொந்த அஞ்சல்பெட்டியைத் திறந்து கொடுப்பதைவிட, ஆன்லைன் வாங்கலுக்கென்று தனி முகவரி ஒன்றை வைத்து அதை மட்டும் இணைப்பது புத்திசாலித்தனம்.

வால்மார்ட் ஒன்றில் மட்டுமே வாங்குகிறவர்களுக்கு ஐபாட்டா ஆப் தேவையா என்பதே கேள்வி. வால்மார்ட்டின் சொந்த ஆப்பில் "வால்மார்ட் கேஷ்" என்ற பெயரில் பணம் தரும் தயாரிப்பாளர் சலுகைகளுக்குப் பின்னாலும் ஐபாட்டாதான் இருக்கிறது. பல பொருள்களுக்கு அங்கும் இங்கும் ஒரே சலுகையே வரும், ஒரு முறைதான் பணம் கிடைக்கும். கைக்கு எளிதானது எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம், நீக்கும் முன் இருப்பை எடுத்துவிட்டு.