தண்டையார்பேட்டை வீட்டு மேசையில் ஓர் ஆல்கோ

தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டின் இரைச்சலைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் 1950 முதல் 1956 வரை தயாரித்த ஆர்எஸ்-3 டீசல்-மின் ரயில் இன்ஜினின் பழைய சிறுவடிவ மாதிரி ஒன்று விலைக்கு வந்தபோது, அதை விட்டுவிட மனம் வரவில்லை. இந்திய ரயில்வேயில் நாம் பார்த்துப் பழகிய டபிள்யூடிஎம்-2 இன்ஜினும் ஆல்கோ வடிவமைப்புதான். 1,600 குதிரைத்திறன் கொண்ட ஆர்எஸ்-3 அதற்கு மூத்த உறவு.

1:87 அளவில், அதாவது அசலின் 87-இல் ஒரு பங்காகச் செய்யப்பட்ட இந்த மாதிரி ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் இருக்கிறது. தையல் நூல் பருமனே உள்ள கைப்பிடிக் கம்பிகளும், ரேடியேட்டர் சட்டங்களின் மெல்லிய வரிகளும் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டியவை. அசலில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் நான்கு அச்சுகளிலும் உள்ள மோட்டார்கள் இயங்கும். மாதிரியிலோ நடுவிலுள்ள ஒரே மோட்டார், இருபுறமும் செல்லும் தண்டுகள் வழியாக எட்டுச் சக்கரங்களையும் ஓட்டுகிறது. மெதுவாக நகரும்போதுதான் இதன் அழகு முழுமையாகத் தெரிகிறது.

ஒரு குறை உண்டு. அச்சிலிருந்த பிளாஸ்டிக் பற்சக்கரம் ஒன்று விரிசல் விட்டிருந்ததால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் வண்டி குலுங்கியது. விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். புதியது மாற்றியபின் சீராக ஓடுகிறது. காசிமேட்டு உப்புக்காற்றில், மாதிரிக்கு மின்சாரம் தரும் தண்டவாளம் விரைவில் கறுத்து மின்தொடர்பு விட்டுவிடுவதால், ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுவது அவசியம்.