லிம்போமா நோயாளிக்கு இடது தோள் வலித்தால் ‘கேஸ் டிரபிள்’ என்று சொல்லி அனுப்ப விடாதீர்கள்

அண்ணனுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். மண்ணீரல் வீங்கியிருப்பது ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே இருந்தது, ஆனால் அது கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டலாம் என்று வைத்தியம் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓர் இரவு இடது விலாவுக்குக் கீழே வலி, கூடவே இடது தோளிலும். எங்கும் விழவில்லை, அடிபடவும் இல்லை. எமர்ஜென்சியில் இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு இல்லை என்றதும் கேஸ் டிரபிள், தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் நீட்டிய ரிப்போர்ட்டை டியூட்டி டாக்டர் பிரிக்காமலே, “இதை உங்க கேன்சர் டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

விடிவதற்குள் அண்ணனுக்கு எழுந்து நின்றாலே கண் இருட்டியது, உதடு வெளுத்து, உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டியது. வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா நாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார், வயிற்றுக்குள் ரத்தம். உடனே ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தார்கள். உயிர் தப்பியது.

மண்ணீரல், இடது விலாவுக்கு அடியில் சாதாரணமாக 150, 200 கிராம் இருக்கும் உறுப்பு. லிம்போமா, ரத்தப் புற்றுநோய், மலேரியா, எப்ஸ்டீன் பார் வைரஸ் காய்ச்சல் போன்றவற்றில் வீங்கி, மேலுறை இழுபட்டு நிற்கும். அப்புறம் ஒரு பலத்த இருமலோ வாந்தியோ போதும், சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் கிழியும். கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும், அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், திடீர்க் கசிவில் ஆரம்பத்தில் அது குறையாமலே இருக்கலாம்.

எமர்ஜென்சிக்குள் நுழைந்ததும், வலியைப் பற்றிச் சொல்லும் முன்பே, “மண்ணீரல் வீக்கம் இருக்கு, உள்ளே ரத்தக்கசிவு இருக்கான்னு ஸ்கேன் பாருங்க” என்று சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிபி எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று கேளுங்கள், பிபி இறங்கி நாடி ஏறிக்கொண்டே போனால் அங்கிருந்து நகராதீர்கள்.

மண்ணீரலை எடுத்தவர்களுக்குக் கிருமித்தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும், அதனால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) ஆகிய பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்பாற்றிய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இது இல்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.