நாலு நிமிடக் காத்திருப்பு: ஒரு பாட்டு, மூன்று சிடி

போன மாதம் சிடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றினேன். எந்தத் தட்டைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க மெக்கானிக் ஒரு தட்டு கேட்டார். பையில் இருந்தது டெம்டேஷன்ஸ் என்ற அமெரிக்க சோல் பாட்டுக் குழுவின் ‘ஆல் டைரக்‌ஷன்ஸ்’. ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டை வைத்தேன். டிரம்ஸின் ஹை-ஹாட் தாளம் தட்டுகிறது. பேஸ் கிட்டார் சில சுரங்களை வாசித்துவிட்டு நிற்கிறது, மறுபடி அதையே வாசிக்கிறது. ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். “சார், மியூசிக் வருது, வாய்ஸ் வரலையே. எர்த் விட்டிருக்கும்போல” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார்.

தொழில் தெரிந்தவர் சந்தேகம்தான் அது. எர்த் விட்டுப்போனால் இரண்டு சேனலுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். நடுவில் நிற்கிற குரல்தான் முதல் பலி. ஆனால் இந்தப் பாட்டில் குரல் வரவே நாலு நிமிடம் ஆகும். “கொஞ்சம் பொறுங்கண்ணே” என்றேன். குழுவின் பாடகர் டென்னிஸ் எட்வர்ட்ஸ் ‘செப்டம்பர் மூன்றாம் தேதி’ என்று ஆரம்பித்தபோது மூடியில் இரண்டு ஸ்க்ரூ கழன்றிருந்தது.

அந்த வாரமே ஒரு நண்பர் போனில் கேட்டார்: “பாப்பா பாட்டுக்கு எந்த சிடி வாங்கலாம்?” எங்கள் வட்டத்தில் அதற்கு அதுதான் பேர். செத்துப்போன அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று பிள்ளைகள் அம்மாவிடம் விசாரிக்கிற பாட்டைப் பாப்பா பாட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். சரி, பிளேயரும் புது லென்ஸோடு இருக்கிறது, என்னிடமுள்ள மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டே சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

முதல் தட்டு எண்பதுகளில் வந்த டூ-இன்-ஒன். ‘சைக்கடெலிக் ஷாக்’, ‘ஆல் டைரக்‌ஷன்ஸ்’ இரண்டு ஆல்பமும் ஒரே சிடியில். பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. இதில் சத்தம் குறைவு. ஆம்பில் வழக்கத்தைவிட நன்றாகத் திருக வேண்டும், திருகினால் டேப்பின் இரைச்சலும் கூடவே எழும். முதலில் அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்கு மேல்தான் பேஸ் வாசித்துவிட்டு நிற்கிற இடைவெளிகள் இடைவெளிகளாக இருக்கின்றன. பாட்டு முழுக்க பி ஃபிளாட் மைனர் என்ற ஒரே கார்டு, அதாவது ஒரே சுரக்கூட்டு. வேறெங்கும் நகராது. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் அந்த ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்குகிறார்: வா-வா கிட்டார், பால் ரைசர் எழுதிய வயலின்கள், எக்கோவில் ஊறிய டிரம்பெட், கைதட்டல். ஒவ்வொன்றும் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் இருக்கும். கடைசியில் எட்வர்ட்ஸ் வாய் திறக்கும்போது அவர் நம் அறைக்குள் நிற்பார்.

இரண்டாவது, பின்னாளில் வந்த ரீமாஸ்டர் தொகுப்பு ஒன்று, பழைய பதிவுக்குப் புது மெருகு போட்டது. பேர் வேண்டாம். முழு நீளம், பதினொன்றே முக்கால் நிமிடமும் இருக்கிறது. போட்ட உடனே ‘ஆஹா’ என்று தோன்றும். பேஸ் கனமாக இருக்கிறது, இரைச்சல் இல்லை, ஹை-ஹாட் பளிச்சென்று. அதில் மயங்கி ஒரு வருடம் இதைத்தான் கேட்டேன். சத்தம் கூடினால் காதுக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் இந்த முறை இரண்டையும் கணினியில் ஏற்றி, குரல் வரும் இடத்தில் ஒரே அளவுக்கு வைத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் களவு புரிந்தது. அடங்கி இருக்க வேண்டிய முன்னிசையை மேலே தூக்கி, உயர்ந்த இடங்களையெல்லாம் ஓர் அளவுக்கு மேல் சத்தத்தை விடாத லிமிட்டரால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். திரையில் பார்த்தால் பழைய சிடியின் அலை மேடும் பள்ளமுமாக இருக்கிறது, இதுவோ ரோடு ரோலர் ஏறி இறங்கிய மாதிரி. டிரம்பெட் நுழைந்த முதல் நொடியிலிருந்தே நம் முகத்துக்கு நேராக நிற்கிறது. எட்வர்ட்ஸும் அதே சத்தத்தில் வந்து வரிசையில் நிற்கிறார். நாலு நிமிடம் காத்திருந்தது எதற்காக?

எட்வர்ட்ஸுக்கு அந்த முதல் வரிகள் பிடிக்கவேயில்லை. விட்ஃபீல்ட் திரும்பத் திரும்பப் பாட வைத்து, மனுஷன் கடுப்பான பிறகு கிடைத்த குரல்தான் நாம் கேட்பது. அந்தக் கடுப்பு உச்சத்தில் கத்துவதில் இல்லை, அடக்கிக்கொண்டு ஆரம்பிப்பதில் இருக்கிறது. அதைத்தான் இந்த ரீமாஸ்டர் தின்றுவிட்டது. நியாயமாகச் சொன்னால் குழுவின் இன்னொரு பாடகர் மெல்வின் ஃபிராங்க்ளினின் கட்டைக்குரல் இதில்தான் இன்னும் தெளிவு. அதையும் ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றாவது, குழுவின் ரெக்கார்டு கம்பெனியான மோட்டவுன் வெளியிட்ட சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டுகள்) வருட வாரியாகத் தொகுத்த பெட்டி வரிசையில் 1972க்கானது. விலை கூடிய சமாசாரம், செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். சிங்கிள் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஏழு அங்குல ரெக்கார்டில் இதுவே அதிகம்; நேரம் நீள நீளப் பள்ளத்தை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். முழுப் பாட்டைச் சுருக்கும்போது முன்னிசையிலும் பாதியை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் ஆவதற்குள் குரல் வந்துவிடும். இந்த வடிவம்தான் அந்த வருட டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ரெக்கார்டின் மறுபக்கத்தில் குரலே இல்லாத வாத்திய வடிவத்தைப் போட்டார்கள், அதற்கும் ஒரு கிராமி கிடைத்தது. அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால் பிளேயரை முழுசாகப் பிரித்துப் போட்டிருப்பார்.

குழுவினருக்கே அப்போது இந்தப் பாட்டில் வருத்தம் உண்டு. பாட வந்தவர்களைக் காத்திருக்க வைத்து விட்ஃபீல்ட் வாத்தியங்களை வைத்துக் கொண்டாடுகிறார் என்று. சிங்கிளைக் கேட்கும்போது அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் போய்ச் சேர்ந்ததுபோல இருக்கிறது. வரிக்கு வரி ஆள் மாறிப் பாடுவது இதில் பக்கத்து பக்கத்தில் விழுகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற மாதிரி. பெட்டியின் மாஸ்டரிங்கும் ரீமாஸ்டரைப் போல அடாவடி இல்லை.

இன்னொரு சிடியும் உண்டு, கணக்கில் சேர்க்கவில்லை. அட்டையில் பாட்டின் பேர் மட்டும் போட்டிருந்தது, முழுசு என்று நம்பி வாங்கினேன். உள்ளே சிங்கிள். ‘சிங்கிள் வெர்ஷன்’ என்று இரண்டு சொல் அச்சடிக்க மை தீர்ந்துவிட்டதாக்கும்! வாங்குகிறவர்கள் அட்டையில் நிமிடக் கணக்கைப் பாருங்கள், அது இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

ஆக, சந்தேகமே இல்லை, பழைய டூ-இன்-ஒன்தான் சிறந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, போன மூன்று வாரமாக பிளேயரில் கிடப்பது எது என்று கேட்டால் சிங்கிள் பெட்டியின் தட்டு. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்து வந்து உட்காருகிறவனுக்கு நாலு நிமிடம் பெரிய தொகை. நாளைக்கு மனசு மாறலாம்.

நண்பர் கேட்பது கார் ஓட்டும்போது. ஜன்னல் இரைச்சலில் பழைய சிடியின் முதல் மூன்று நிமிடம் காதிலேயே விழாது. அதனால் திட்டித் தீர்த்த அந்த ரீமாஸ்டரையே வாங்கச் சொன்னேன். “இவ்வளவு நேரம் அதைத்தானே கழுவி ஊத்தினீங்க?” என்றார். ஆமாம், உங்கள் காருக்கு அது போதும் என்றேன். பழைய சிடியை ஒரு வாரம் இரவல் தர முடியுமா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.